ஏழு பேர்ச்சஸும் ஒரு மீனும்

ஹட்டன் பக்கத்திலிருந்து தரம் 10 மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அகராதியில் 'பேர்ச்' என்று பார்த்தால் ஒரு மீன் என்கிறது, பறவை உட்காரும் கொம்பு என்கிறது. ஆனால் அப்பா 'ஏழு பேர்ச்சஸ் காணி தாறாங்களாம்' என்றுதானே சொல்கிறார்? வெள்ளைக்காரன் காணியை மீனை வைத்தா அளந்தான்?"

மீனை வைத்தல்ல, கம்பை வைத்து. லத்தீனில் 'பெர்டிகா' என்றால் நீண்ட கம்பு. பதினாறரை அடிக் கம்பின் நீளத்துக்கு ஒரு சதுரம் போட்டால் 272¼ சதுர அடி. நம் பேர்ச் அதுதான். 160 பேர்ச் ஓர் ஏக்கர். ஏழு பேர்ச்சஸ் 1,906 சதுர அடிக்கு ஒரு மயிரிழை குறைவு. பறவையின் கொம்பும் அதே கம்பின் வழிதான். மீன் மட்டும் வேறு வீட்டுப் பிள்ளை: கிரேக்கத்தில் 'பெர்கே', லத்தீனில் 'பெர்கா'. இரண்டு சொல்லும் பிரெஞ்சுக்காரர் வாயில் தேய்ந்து ஒன்றுபோலாகி, அப்படியே ஆங்கிலத்துக்குள் வந்துவிட்டன.

திருக்கையைக் குறிக்கும் 'ரே'யும் ஒளிக்கதிரான 'ரே'யும் இப்படித்தான், உறவே இல்லாதவை. 'சோல்' அப்படியல்ல. நம் கரையோரத்தார் நாக்கு மீன் என்று சொல்லும் வகைத் தட்டை மீன் அது. ரோமர் கண்ணுக்கு அது செருப்பாகப் பட்டது. 'சோலியா' என்று பெயர் வைத்தார்கள். சப்பாத்தின் அடிப்பாகமும் அந்த மீனும் ஒரே சொல்.

இதெல்லாம் சொல்லின் பூர்வீகம். எனக்குப் பிடித்தது இதற்குப் பிறகு வருவதுதான். அப்பா 'பேர்ச்சஸ்' என்றதும் மகளின் தலைக்குள் மீன் ஏன் துள்ளவில்லை?

துள்ளுகிறது. அவளுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

டேவிட் ஸ்வின்னி என்ற அமெரிக்க உளவியலாளர் 1979இல் இதைப் பிடித்துக் காட்டினார். ஆங்கிலத்தில் 'பக்' என்றால் பூச்சி. ஒட்டுக்கேட்கும் கருவியும் 'பக்'தான். அறை மூலையில் சிலந்தி, கரப்பான், இன்னும் பல 'பக்'குகள் கிடந்தன என்ற வாக்கியத்தை ஹெட்போனில் கேட்க வைத்தார். அந்தச் சொல் காதில் விழுந்த நொடியே திரையில் சில எழுத்துகள் தோன்றும். அது உண்மையான சொல்லா, வெறும் எழுத்துக் குப்பையா என்று பட்டனை அழுத்திச் சொல்ல வேண்டும். 'எறும்பு' வந்தால் விரல் வேகமாகப் பாய்ந்தது, அதில் வியப்பில்லை. 'உளவாளி' வந்தபோதும் பாய்ந்தது! சிலந்தியும் கரப்பானும் முன்னால் நின்று பூச்சி பூச்சி என்று கத்தியும், மூளை இரண்டு லாச்சியையும் இழுத்துத் திறந்திருக்கிறது. 'தையல்' போன்ற சம்பந்தமில்லாத சொல்லுக்கு அந்த வேகம் இல்லை.

அதே சோதனையை மூன்று அசை தள்ளி வைத்துப் பார்த்தார். மூன்று அசை சொல்ல ஒரு விநாடிகூட ஆகாது. அதற்குள் 'உளவாளி'யின் வேகம் போய்விட்டது, 'எறும்பு' மட்டும் மிஞ்சியது. முதலில் எல்லாவற்றையும் திற, பிறகு வேண்டாததை மூடு. யோசித்துத் தேர்ந்தெடுப்பதைவிட இது மூளைக்குச் சுலபம் போலிருக்கிறது. மூடப்பட்ட லாச்சியைப் பற்றி நமக்குச் செய்தியே வருவதில்லை. சிலேடை கேட்டுச் சிரிக்கும்போது மட்டும் அதன் கிறீச் சத்தம் கேட்கிறது.

இந்தச் சோதனைக்கு ஒரு மடிக்கணினியும் ஹெட்போனும் போதும். கோடிக்கணக்கில் கருவி வாங்கினால்தான் ஆராய்ச்சி என்று நினைத்துப் பணம் ஒதுக்குகிறவர்கள் மீது எனக்கு நெடுநாள் கோபம். தோட்டத்துப் பேச்சுத் தமிழை வைத்து இதைச் செய்ய நம் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் காசு கொடுத்தால் என்ன?

சோதனை வாக்கியத்துக்குக்கூட அலைய வேண்டாம். போன வாரம் ஹட்டன் டவுனில் ஒரு தேத்தண்ணிக் கடையில் பையன் கத்தினான்: "அண்ணே, ஆறு பிளேன்டீ ஆறுது!" எண்ணிக்கை ஒன்று, சூடு தணிவது இன்னொன்று. அண்ணன் திரும்பிப் பார்க்காமலே கிளாஸ்களை எடுத்துக்கொண்டு போனார். ஸ்வின்னி சொன்னது தமிழுக்கும் சரியென்றால், அந்தக் கால் விநாடியில் அவர் தலைக்குள் மகாவலியும் ஒருமுறை ஓடி வற்றியிருக்கும்.