ஏரில மீன் செத்து மிதந்தா எல்லாமே விஷம் இல்லைங்க

உள்நாட்டு மீன்வளத்துல வேலை பாக்குறதால எங்கயாவது ஏரிலயோ ஆத்துலயோ மீன் செத்து மிதந்தா எங்களுக்கு போன் வந்துடும், யாரோ விஷம் கலந்துட்டாங்கன்னுதான் பேச்சே ஆரம்பிக்கும். சில சமயம் அது உண்மைதான். ஆனா கடும் வெயில் காலத்துல வர்ற கேஸ்ல நெறைய மூச்சு முட்டி செத்ததுதான்.

தண்ணி சூடாக ஆக அதுல கரைஞ்சிருக்குற ஆக்ஸிஜன் குறையும். 20 டிகிரி செல்சியஸ்ல லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் நிக்கும், 30 டிகிரில ஏழரை தான். இன்னொரு பக்கம் தண்ணி சூடானா மீனோட உடம்பும் சூடாகும், அப்ப அதுக்கு ஆக்ஸிஜன் இன்னும் கூடுதலா வேணும். பகல்ல ஆக்ஸிஜனை விடுற பாசியே ராத்திரில அதை இழுத்துக்கும், அதனால விடியறதுக்கு சித்த முன்னாடிதான் தண்ணி ரொம்ப மோசமா இருக்கும். மத்தியானம் போய் மீட்டரை விட்டுப் பாத்துட்டு ஆக்ஸிஜன் நல்லாத்தான் இருக்குன்னு ரிப்போர்ட் எழுதுறதுல பிரயோஜனமே இல்ல. விடியக்காலைல மீன் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுச்சா, பெருசுங்க முதல்ல செத்துச்சா, இதைத்தான் நாங்க முதல்ல விசாரிப்போம்.

கடல் மீனாவது குளிர்ச்சியான பக்கம் நகந்து போகும், ஏரி மீன் எங்க போகும்? ஆத்து மீனுக்கும் வழில அணை நிக்குது. 2015ல அமெரிக்காவுல கொலம்பியா ஆத்துல தண்ணி சூடாகி, முட்டை போட மேல ஏறிப் போன சாக்கை சால்மன்ங்கற மீன் ரெண்டு லட்சத்துக்கும் மேல செத்துச்சு. 2023 மார்ச்ல ஆஸ்திரேலியாவுல மெனின்டீ பக்கம் டார்லிங் ஆத்துல வெள்ளம் வடிஞ்சு வெயிலும் அடிச்சதுல கோடிக்கணக்குல மீன் போச்சு.

2023 டிசம்பர்ல, எந்த உயிரினம் அழியுற ஆபத்துல இருக்குன்னு பட்டியல் போடுற உலக அமைப்பான ஐயூசிஎன் 14,898 நன்னீர் மீன் இனங்களைப் பாத்துட்டு 3,086 இனம் அழியுற ஆபத்துல இருக்குன்னு சொன்னாங்க. அதுல காலநிலை மாற்றம் பாதிக்கிறது 17 சதவீதமாவது இருக்கும், மாசு பாதிக்கிறது 57 சதவீதம். இதைப் பாத்து அப்ப வெயில் சின்ன பிரச்சனைதானேன்னு சிலர் கேக்குறாங்க, நான் அப்படி நினைக்கல. சாக்கடை கலந்த தண்ணில கிருமிங்க அந்தக் கழிவை மக்க வைக்கவே ஆக்ஸிஜனை தின்னுடும், சூடு ஏறினா இன்னும் வேகமா தின்னும், ஏற்கனவே நூலிழைல இருக்குற மீனை ஒரு வாரத்து அனல் தள்ளி விட்டுடும். ரெண்டையும் பிரிச்சு எண்ணவே முடியாது.

அதனாலதான் சொல்றேன், உலகம் சூடாகுறதை ஒரு ஊரு நிறுத்த முடியாது, ஆனா சாக்கடையை ஏரில விடாம இருக்கலாம், கரையில நிழல் தர்ற மரத்தை வெட்டாம விடலாம், ஆத்துல இருக்குற ஆழமான மடுவை மணலுக்காக தோண்டிக் கெடுக்காம விடலாம், கோடைல மீனுங்க ஒதுங்குறது அங்கதான். மீன் மேல வந்து திணறுறதை பாத்தீங்கன்னா நேரத்தைக் குறிச்சுகிட்டு அப்பவே மீன்வளத் துறைக்கு சொல்லுங்க. சொந்தக் குளம்னா அன்னிக்கு தீவனத்தை நிறுத்திட்டு மோட்டார் வச்சு தண்ணியை மேல பீச்சி விடுங்க, வெயில் நல்லா ஏறுற வரைக்கும் நிறுத்தாதீங்க.