இன்ஹெரிட்டன்ஸ்: மரபுரிமமா, வாரிசுரிமையா?

நிரல் எழுதுபவர்கள் நாள் முழுக்கச் சொல்லும் 'இன்ஹெரிட்டன்ஸ்', வாரிசைக் குறிக்கும் 'ஹெரெஸ்' என்ற லத்தீன் சொல்லில் கிளைத்தது. நிரலாக்கத்தில் அது, ஒரு கிளாஸில் (பொருள்களை உருவாக்கும் வார்ப்பு) இருப்பதை இன்னொரு கிளாஸ் அப்படியே பெறும் வசதி. ஆனால் நிரலாக்கத்துக்கு இந்த வசதியைக் கொண்டுவந்தவர்கள் அந்தப் பெயரை வைக்கவில்லை. ஓஸ்லோவில் ஒலே யோஹான் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் வடிவமைத்த சிமுலா 67 மொழியில் இது வெறும் 'முன்னொட்டு'. புதிய கிளாஸுக்கு முன்னால் பழைய கிளாஸின் பெயரை எழுதினார்கள், அவ்வளவுதான்.

எனக்கு அந்தப் பழைய பெயர்தான் பிடிக்கும். நாம் எழுதும் நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் செய்வதும் அதைத்தானே! சி++ மொழியில் 'கணக்கு' என்ற கிளாஸில் நான்கு பைட் எண்கள் இரண்டு. அதன் சேயான 'சேமிப்பு' கிளாஸில் கூடுதலாக ஒன்று. வழக்கமான கம்பைலர் முதல் 8 பைட்டில் தாயின் எண்களை வைத்து, சேயினுடையதைப் பின்னால் ஒட்டும்: மொத்தம் 12. எது எங்கே என்பதெல்லாம் நிரல் ஓடும் முன்பே முடிவாகிவிடும்.

அப்புறம் ஓடும்போது என்ன மிச்சம்? இரண்டு கிளாஸிலும் 'வட்டி' என்ற செயற்கூறு (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) தனித்தனியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 'கணக்கு' வகைச் சுட்டி (பொருள் இருக்கும் இடத்தின் முகவரி) வழியாக அதை அழைக்கிறோம். சுட்டி காட்டுவதோ ஒரு சேமிப்புப் பொருளை. சும்மா எழுதியிருந்தால், சுட்டியின் வகையை மட்டும் பார்த்துத் தாயின் வட்டியையே கம்பைலர் முடிச்சுப் போட்டுவிடும். (புதிதாகக் கற்பவர்கள் ஒரு சாயங்காலத்தைத் தொலைப்பது இங்கேதான்.) தாயின் 'வட்டி'க்கு முன்னால் 'விர்ச்சுவல்' சேர்த்தால், ஒவ்வொரு பொருளுக்குள்ளும் எந்தச் செயற்கூறு எங்கே என்று சொல்லும் ஓர் அட்டவணையைக் காட்டும் மறைவான சுட்டி வந்து உட்காரும். 64 பிட் கணினியில் அந்தச் சுட்டி 8 பைட். பழைய 12 பைட்டோடு சேர்ந்தால் 20; அதை எட்டின் மடங்காக நிரவும்போது பொருள் 24 பைட் ஆகிவிடும். அட்டவணையைத் தயாரிப்பது கம்பைலர். அதைப் பார்த்துச் சேயின் வட்டிக்குப் போவது ஓடும் நேரத்தில்.

சரி, தமிழில்? 'வாரிசுரிமை' ஒட்டாது. வாரிசு அரபுச் சொல் என்பதற்காக அல்ல; சொத்து கைமாறினால் கொடுத்தவரிடம் இருக்காது, இங்கே தாய் கிளாஸுக்கு ஒன்றும் குறைவதில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல் சொல்லும் 'மரபுரிமம்' தேவலை. அதைவிட அழகு 'தாயம்'. பொருநராற்றுப்படை கரிகாலனைத் 'தாய்வயிற்று இருந்து தாயம் எய்தி' என்கிறது. பிறக்கும் முன்பே அரசுரிமை! கம்பைல் நேரத்துக்கு இப்படியொரு வரி வேறெங்கே கிடைக்கும்? ஆனால் இன்று தாயம் என்றால் எல்லாரும் சோழியை உருட்ட உட்கார்ந்துவிடுவார்கள். மரபுரிமமே இருக்கட்டும்.