சாரல் ஊரில் டிவிடி எத்தனை ஆண்டு தாங்கும்?

செங்கோட்டையில் கல்யாண வீடியோ எடுத்துத் தொகுத்துக் கொடுக்கும் தொழிலில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறேன். இப்போதெல்லாம் புதிய வேலையைவிட, ஓடாமல் போன பழைய டிவிடிகளோடு வருகிறவர்களே கடைக்கு அதிகம். சென்ற ஆடியில் புளியரையிலிருந்து ஓர் அம்மா தம் மகளின் 2009ஆம் ஆண்டுக் கல்யாண டிவிடியைக் கொண்டுவந்தார். தாலிகட்டு வரை தெளிவாக ஓடிய படம், மறுவீட்டுக் காட்சியில் கட்டம் கட்டமாகச் சிதறி நின்றுவிட்டது. "அண்ணாச்சி, குடுத்த அன்னைக்கு நல்லாத்தானே ஓடுச்சு?" என்று கேட்டார். இறந்துபோன அவருடைய மாமியார் பேசுவது அந்தக் காட்சியில் மட்டும்தான்.

தட்டை டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்துப் பார்த்தேன். நடுவில் ஊதா நிறம் அப்படியே இருந்தது. விளிம்பை ஒட்டி ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் வெளுத்து, பழுப்பேறியிருந்தது. ஒரு டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் கனமுள்ள இரண்டு பிளாஸ்டிக் தகடுகளை ஒட்டிச் செய்தது. அவற்றுக்கு நடுவில் உள்ள சாயப்பூச்சில்தான் லேசர் கதிர் பதிவைச் சுட்டு எழுதுகிறது. ஈரம் உள்ளே புகுவதற்கு எளிய வழி அந்த ஒட்டின் விளிம்பு. பதிவு நடுவிலிருந்து தொடங்கி வெளிநோக்கிப் போவதால், தட்டு நிறையப் பதிந்த படத்தில் கடைசிக் காட்சிகள் விளிம்பில்தான் இருக்கும். ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஆனியிலும் ஆடியிலும் சாரல் இறங்கும் எங்கள் பகுதியில், பீரோவுக்குள் இருக்கும் பட்டுப்புடவையே பூஞ்சை பிடிக்கும்போது டிவிடி தப்புவது கடினம்.

குடுத்த அன்று நன்றாக ஓடியது என்பது உண்மை. ஆனால் ஓடுவதை வைத்துத் தட்டின் நலத்தை முடிவு செய்ய முடியாது. எந்தத் தட்டும் பிழையே இல்லாமல் பதிவாவதில்லை. அந்தப் பிழைகளைத் திருத்திக் கொள்வதற்கான கூடுதல் தரவும் சேர்த்தே எழுதப்படுகிறது. டிரைவ் சத்தமில்லாமல் திருத்திக்கொண்டே இருப்பதால், பிழை ஆண்டுக்கு ஆண்டு பெருகினாலும் திரையில் ஒன்றும் தெரியாது. திருத்தும் வரம்பு தாண்டிய அன்றுதான் படம் சிதறும். அதற்குப் பிறகு செய்வதற்கு அதிகம் இல்லை.

ஆகவே அளக்க வேண்டியது அந்தப் பிழைகளின் எண்ணிக்கையை. நீரோ டிஸ்க்ஸ்பீடு போன்ற மென்பொருள், அதற்கு ஒத்துழைக்கும் டிரைவில், இதை வரைபடமாகக் காட்டும். சிடிக்கு முதல்நிலைப் பிழை, அதாவது திருத்தத்தின் முதல் கட்டத்தில் தென்படும் பிழை, நொடிக்கு 220க்குள் இருக்க வேண்டும். இரண்டாம்நிலைப் பிழை எனப்படும் சி2 அறவே இருக்கக் கூடாது. டிவிடிக்கு முதல்நிலைப் பிழை அடுத்தடுத்த எட்டுத் தரவுத் தொகுதிகளில் சேர்த்து 280க்கு மேல் போகக் கூடாது. இவை தர வரையறை சொல்லும் எல்லைகள். ஒரே தட்டுக்கு ஒரு டிரைவ் ஒரு கணக்கும் இன்னொன்று வேறு கணக்கும் காட்டும் என்பதால், நான் ஒற்றை எண்ணை நம்புவதில்லை. பர்ன் செய்த அன்றே ஒரு ஸ்கேன் எடுத்துச் சேமித்து வைத்து, ஒவ்வோர் ஆண்டும் சாரல் முடிந்ததும் அதே டிரைவில் அதே வேகத்தில் மறுபடி எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். விளிம்புப் பகுதியில் கோடு மேலே ஏறத் தொடங்கினால், படம் நன்றாக ஓடினாலும் அன்றே வேறிடத்துக்கு மாற்றிவிடுகிறேன்.

வீட்டில் அந்த வசதி இல்லாதவர்கள், தட்டு முழுவதையும் கணினிக்குக் காப்பி செய்து வேகத்தைக் கவனியுங்கள். வேகம் திடீரென்று விழுந்து, டிரைவ் சுழன்று சுழன்று முனகினால், அது ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயல்கிறது என்று பொருள். இதைவிடத் தெளிவான எச்சரிக்கை வீட்டில் கிடைக்காது.

மணமக்கள் படம் போட்ட ஒட்டுத்தாளைத் தட்டின் மேல் ஒட்டும் வழக்கம் எங்கள் தொழிலில் இருந்தது. நானும் செய்திருக்கிறேன், வருந்துகிறேன். தாள் ஈரத்தை இழுக்கும். சற்றே கோணலாக ஒட்டினாலும் தட்டு ஆடிச் சுழலும். பிய்த்தெடுக்க முயன்றால் சிடியில் வெள்ளிப்பூச்சே உரிந்து வந்துவிடும், ஏனென்றால் சிடியின் பதிவு மேல்பக்கத்து மெல்லிய அரக்குக்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது. ஒட்டியாகிவிட்டதென்றால் பிய்க்காமல் விட்டுவிடுங்கள். வெயில் படும் ஜன்னலோரம் தட்டை வைக்காதீர்கள். சாயத்துக்கு ஈரத்தைப் போலவே வெயிலும் எதிரி. 20 முதல் 50 சதவீத ஈரப்பதமே தட்டுகளுக்கு ஏற்றது என்பார்கள். சாரல் மாதங்களில் நம் வீடுகளில் அது கிடைக்காது என்பதால், இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் நிற்கவைத்து அடுக்குங்கள். அழித்து எழுதும் வகைத் தட்டுகளை நெடுநாள் சேமிப்புக்கு நான் பரிந்துரைப்பதே இல்லை. சாயத்துக்குப் பதில் கனிமப்பூச்சு உள்ள எம்-டிஸ்க் ஈரத்தையும் வெயிலையும் நன்றாகத் தாங்குகிறது. அதன் விளம்பரம் சொல்லும் ஆயிரம் ஆண்டு, உயர்ந்த வெப்பத்திலும் ஈரத்திலும் வைத்துச் சோதித்துக் கணக்கிட்டது. அத்தனை ஆண்டு வைத்துப் பார்த்தவர் யாருமில்லை. எந்தத் தட்டாக இருந்தாலும் ஒரு ஹார்ட் டிஸ்க் நகலும், இன்னொரு நகல் வேறு வீட்டிலும் இருக்கட்டும்.

புளியரை அம்மாவின் தட்டை மூன்று டிரைவ்களில் மாற்றி மாற்றிப் போட்டேன். ஒரு டிரைவ் விட்ட இடங்களை மட்டும் அடுத்ததில் படிக்கும்படி, பழுதான தட்டிலிருந்து தரவை மீட்கும் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளை ஓடவிட்டதில், இரண்டு நாளில் பெரும்பகுதி வந்துவிட்டது. மாமியார் மருமகளுக்குத் திருநீறு பூசும் இடம் கிடைத்தது. அவர் சொல்லும் வாழ்த்தின் முதல் பாதி மட்டும் வரவில்லை.