சிக்கு அடியில், கோளாறு மேலே

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "மெஷின் வாங்கி ஒரு மாசம்தான் ஆகுது. மேலே தையல் நல்லா விழுது. துணியைத் திருப்பினா அடியில குருவிக்கூடு மாதிரி நூல். பாபினை நாலு தரம் மாத்திட்டேன். வந்தவங்க எல்லாரும் மெஷினைப் புகழ்ந்ததால திருஷ்டின்னு அத்தை சொல்றாங்க."

பாபினை, அதாவது அடிநூல் சுற்றிய அந்தச் சின்ன உருளையை, விட்டுவிடுங்கள் அம்மா. சிக்கிக் கிடப்பது மேல்நூல்.

1846இல் எலியாஸ் ஹோவ் காப்புரிமை வாங்கிய மெஷினிலேயே நுனியில் கண் வைத்த ஊசியும், துணியின் மறுபக்கம் தனியாக ஒரு நூலும் உண்டு. இன்றும் அதே ஏற்பாடுதான். ஒரு மெஷின் ஊசியை எடுத்து நகத்தால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் நீளப் பள்ளம். மறுபக்கம் கண்ணுக்குச் சற்று மேலே சின்னக் குழிவு. ஊசி அடிமட்டம் தொட்டு 2 மில்லிமீட்டர் அளவுக்கு மேலே ஏறும்போது, பள்ளத்தில் இருக்கும் நூல் வழுக்கிக்கொண்டு கூடவே ஏறுகிறது. மறுபக்க நூலைத் துணி பிடித்துக்கொள்வதால் அது ஏற முடியாமல் புடைத்து வளையமாகிறது. அந்த நொடியில் அடியில் இருக்கும் கொக்கியின் முனை குழிவுக்குள் நுழைந்து வளையத்தைக் கவ்வி, பாபின் உட்காரும் கூடான பாபின் கேஸையே முழுசாகச் சுற்றி இழுத்து வருகிறது! கேஸ் எதிலும் இறுகிப் பிணைக்கப்படாமல் உட்கார்ந்திருப்பதால் நூலுக்கு வழி கிடைக்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுத்ததில்லை.

கேஸைச் சுற்ற சில சென்டிமீட்டர் நூல் வேண்டும். தையலில் தங்குவதோ சில மில்லிமீட்டர்தான். மிச்சத்தை மேலே இழுப்பது, மெஷின் முகப்பில் ஏறி இறங்கும் அந்த லீவர். ஒரே நூல்துண்டு ஊசிக்கண்ணில் பலமுறை போய்வந்த பிறகே தையலாகிறது என்பதால் மட்டமான நூல் பஞ்சு பஞ்சாகப் பிரியும்.

சரி, குருவிக்கூடு எப்படி? லீவரின் ஒரு பக்கம் வளையம், மறுபக்கம் நூல்கண்டு. நடுவில் இரண்டு டென்ஷன் தட்டுகள் நூலைக் கவ்விப் பிடித்தால்தான் லீவர் வளையத்தை இழுக்கும். பிடி இல்லையென்றால் கண்டிலிருந்து புது நூல் சுலபமாக வந்துவிடும். வளையம் அடியிலேயே தங்கிவிடும்.

துணியை அழுத்திப் பிடிக்கும் அழுத்துப் பாதத்தை இறக்கிவைத்து நூல் கோர்த்தால் தட்டுகள் மூடியிருக்கும், நூல் வெளியிலேயே நிற்கும். பாதத்தைத் தூக்குங்கள், தட்டுகள் திறக்கும். நூலை முதலிலிருந்து கோர்த்துவிடுங்கள். அப்புறம் பாதத்தை இறக்கி நூலை இழுத்தால் கைக்கு இறுக்கம் தெரிய வேண்டும்.

அத்தையைக் குறை சொல்ல மாட்டேன். தட்டுகள் நூலைப் பிடிப்பது உராய்வால்தான்; ஆனால் பள்ளியில் உராய்வு என்றால் சாய்தளத்து மரக்கட்டையோடு முடித்துவிடுகிறோம். ஒவ்வொரு பள்ளி ஆய்வகத்திலும் மூடி கழற்றிய பழைய தையல் மெஷின் ஒன்று இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கோர்த்த பிறகு, மேலே சிவப்பு, அடியில் வெள்ளை நூல் போட்டுப் பழைய வேட்டித் துணியில் நாலு அங்குலம் தைத்துப் பாருங்கள். அடியில் சிவப்பு தெரிந்தால் மேல்நூல் டென்ஷன் டயலை அரை எண் ஏற்றுங்கள். மேலே வெள்ளைப் புள்ளி எட்டிப் பார்த்தால் கொஞ்சம் இறக்குங்கள்.