சரிசமமாகப் பிரித்தால் நியாயமாகிவிடாது: டெல்லியிலிருந்து நம் வார்டு வரை நிதி பிரியும் கணக்கு

ஊராட்சிக் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு: "எல்லா வார்டுக்கும் ஒரே மாதிரி போட்டுருங்க, பிரச்சினை வராது." கூட்டம் சீக்கிரம் முடியும் என்பது உண்மைதான். ஆனால் இந்த வருடம் தண்ணீர் எட்டாத மேட்டுத் தெருவுக்கு அடுத்த வருடமும் எட்டாது. ஐம்பது வீட்டுக்கும் முந்நூறு வீட்டுக்கும் ஒரே தொகை என்பது பிரிப்பவருக்கு வசதி. வாங்குபவருக்கு அது நியாயமாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

பணத்தை எதை வைத்துப் பிரிப்பது என்ற கேள்வி டெல்லியில் தொடங்கி, சென்னை வழியாக, நம் ஊராட்சி அலுவலக மேசை வரை வருகிறது. கல்லூரி முதல்வர் அறையிலும் இதே கேள்விதான். எத்தனை கோடி வந்தது என்பதைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். எந்த அளவுகோலில் பிரித்தார்கள் என்று கேட்பது குறைவு. நம் பங்கைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த அளவுகோல்தான்.

மேலிருந்து வருவோம். ஒன்றிய அரசு வசூலிக்கும் வரியில் மாநிலங்களுக்கு எவ்வளவு என்பதை, அரசியலமைப்பின் 280-வது பிரிவின்படி அமைக்கப்படும் நிதிக்குழு பரிந்துரைக்கிறது. 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு 15-வது நிதிக்குழு சொன்னது 41 சதவீதம். இது பகிரக்கூடிய வரித்தொகுப்பில் 41 சதவீதம்தான். கூடுதல் வரிகளான செஸ், சர்சார்ஜ் இரண்டும் அந்தத் தொகுப்புக்குள் சேராது. வரிக்குப் பதிலாக செஸ்ஸை உயர்த்தினால் அந்தக் கூடுதல் வசூலில் மாநிலங்களுக்குப் பங்கு கிடையாது.

அந்த 41 சதவீதத்தை மாநிலங்களுக்கிடையே பிரிக்க அந்தக் குழு நூற்றுக்கு இவ்வளவு எடை என்று வைத்த அளவுகோல்கள் ஆறு: தனிநபர் வருமானத்தில் பின்தங்கிய அளவுக்கு 45, 2011 மக்கள்தொகைக்கு 15, பரப்பளவுக்கு 15, மக்கள்தொகைக் கட்டுப்பாட்டுக்கு 12.5, காடு மற்றும் சூழலுக்கு 10, வரி வசூல் முயற்சிக்கு 2.5. எடை மாறினால் பங்கு மாறும். 13-வது குழு நிதி ஒழுக்கத்துக்கு 17.5 கொடுத்தது, 1971 மக்கள்தொகையை எடுத்துக்கொண்டது. அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.969 சதவீதம். 14-வது குழு நிதி ஒழுக்கத்தை எடுத்துவிட்டு, வருமான இடைவெளிக்கு 50 கொடுத்து, 2011 மக்கள்தொகையையும் சேர்த்தது. பங்கு 4.023 ஆக இறங்கியது. 15-வது குழுவில் 4.079. மாநிலங்கள் அனைத்துக்குமான மொத்தப் பங்கு 14-வது குழுவில் 32-இலிருந்து 42 ஆக உயர்ந்ததையும் சேர்த்தே பார்க்க வேண்டும், இல்லையென்றால் கணக்கு ஒருபக்கமாகிவிடும்.

பின்தங்கிய மாநிலத்துக்குக் கூடுதலாகக் கொடுப்பது நியாயம் என்பதே எங்கள் கருத்து. குடும்பக் கட்டுப்பாட்டைச் சரியாகச் செய்த மாநிலம் அதற்காகவே பங்கை இழப்பது நியாயமில்லை. இரண்டையும் ஒரே சூத்திரத்தில் அடக்கத்தான் அந்த 12.5 வந்தது. அது போதுமா என்பது இன்னும் தீராத விவாதம்.

அடுத்த படி சென்னை. அரசியலமைப்பின் 243-I, 243-Y பிரிவுகளின்படி ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாநில நிதி ஆணையம் அமைய வேண்டும். தமிழ்நாட்டின் ஐந்தாவது ஆணையக் காலத்தில் மாநிலத்தின் நிகர சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு, அதில் ஊரகத்துக்கு 56, நகரத்துக்கு 44. ஊரகப் பங்கில் கிராம ஊராட்சிக்கு 55, ஒன்றியத்துக்கு 37, மாவட்ட ஊராட்சிக்கு 8. ஆணையத்துக்கு ஆணையம் இந்த எண்கள் மாறும்.

ஊரகமா நகரமா என்ற இந்தப் பிரிவில்தான் குமரி மாவட்டத்தின் தனிச் சிக்கல் தொடங்குகிறது. இங்கே 9 ஒன்றியங்களில் 95 கிராம ஊராட்சிகள் மட்டுமே. மீதியெல்லாம் நாகர்கோவில் மாநகராட்சி, சில நகராட்சிகள், ஐம்பதையொட்டிய பேரூராட்சிகள். 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் 18,70,374 பேரில் 82 சதவீதத்துக்கு மேல் நகர்ப்புறத்தார் என்று பதிவாகியிருக்கிறார்கள். ஆனால் திற்பரப்பு போன்ற பேரூராட்சிக்குள் நடந்து பார்த்தால் ரப்பர் தோட்டமும் வாழையும் குளமும்தான் கண்ணில் படும். ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி வீட்டுக்கு ஊரக வேலை உறுதித் திட்டம் கிடையாது, ஏனென்றால் அவர் இருப்பது 'நகரம்'. வேலியைத் தாண்டினால் வரும் ஊராட்சியில், அதே தொழில் செய்பவருக்கு உண்டு. வீடு கட்டும் மானியம், குடிநீர்த் திட்டம் எல்லாவற்றுக்கும் ஊரகத்துக்கு ஒரு வழி, நகரத்துக்கு ஒரு வழி. பேரூராட்சியை நகராட்சியாக்க வேண்டும், ஊராட்சியைப் பேரூராட்சியோடு சேர்க்க வேண்டும் என்று பேச்சு வரும்போது, பெயர்ப்பலகையை விட முதலில் கேட்க வேண்டியது இதுதான்: எந்தெந்தத் திட்டங்களிலிருந்து வெளியேறுவோம், எந்தெந்தத் திட்டங்களுக்குள் நுழைவோம், வீட்டு வரி எவ்வளவு ஏறும்?

இன்னொன்றும் உண்டு. சூத்திரங்கள் எண்ணுவது குடியிருப்போரை. கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போய்த் திரும்பும் கூட்டம் கன்னியாகுமரியில் குவியும்போது சேரும் குப்பையும் கழிவுநீரும் அந்த எண்ணிக்கைக்குள் வராது. சுற்றுலாத் தலங்கள் பார்க்கிங், கடை ஏலம், நுழைவுக் கட்டணம் ஆகிய சொந்த வருவாயை நம்பியே அதைச் சமாளிக்க வேண்டியிருக்கிறது. ஏலம் குறைந்த தொகைக்குப் போனால் அடி விழுவது துப்புரவுப் பணிக்குத்தான்.

கிராம ஊராட்சிக்கு வரும் நிதிக்குழு மானியத்துக்கு வருவோம். 15-வது குழுவின் ஏற்பாட்டில் 2021-22 முதல் 2025-26 வரை 60 சதவீதம் நிபந்தனை நிதி: பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கு, மறுபாதி துப்புரவுக்கு. மிச்சம் 40 சதவீதத்தை உள்ளூர்த் தேவைக்குப் பயன்படுத்தலாம், ஆனால் சம்பளத்துக்கோ நிர்வாகச் செலவுக்கோ எடுக்கக் கூடாது. தவறு அதிகம் நடப்பது இங்கேதான். தார்ச்சாலை கேட்டு வார்டு உறுப்பினர் நெருக்குவார், கையில் இருப்பது குடிநீர் நிதி. தலைப்பை மாற்றி எஸ்டிமேட் போட்டால் வேலை முடிந்துவிடும், ஆனால் தணிக்கையில் ஆட்சேபணை வரும், தொகையைத் திரும்ப வசூலிக்கச் சொல்லி எழுதுவார்கள். கணக்கை ஆன்லைனில் ஏற்றாமல் விட்டாலும் சிக்கல். தணிக்கை முடிந்த கணக்கு பொதுவெளியில் இல்லாத ஊராட்சிக்கு 2023-24 முதல் மானியம் இல்லை என்பது 15-வது குழு வைத்த நிபந்தனை. முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் குமரியும் ஒன்று. 2025 ஜனவரி 5-இல் அந்தப் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்களிடம் நிர்வாகம் போனது. தேர்தல் தள்ளிப்போனால் இழப்பது பிரதிநிதியை மட்டுமல்ல, குழாய்க்கும் ஓடைக்குமான பணத்தையும் சேர்த்துத்தான்.

இனி ஊராட்சிக்குள் எப்படிப் பிரிப்பது? வந்த தொகை முழுவதையும் மேசையில் வைத்துப் பிரிக்கத் தொடங்குவதுதான் முதல் பிழை. பம்ப்செட், தெருவிளக்குக் கரண்ட் பில், டேங்க் ஆபரேட்டர் சம்பளம், தூய்மைப் பணியாளர் ஊதியம், மோட்டார் காயில் கட்டும் செலவு ஆகியவற்றை எந்தக் கணக்கிலிருந்து எடுக்க அனுமதி உண்டோ அந்தக் கணக்கில் முதலில் ஒதுக்க வேண்டும். இதைச் செய்யாத ஊரில் புது டேங்க் கட்டியிருப்பார்கள், சித்திரையில் மோட்டார் எரிந்தால் சரிசெய்யக் காசு இருக்காது. கடற்கரை ஊர்களில் சமுதாயக் கழிப்பறைகள் பூட்டிக் கிடப்பதற்கும் இதுவே காரணம். கட்டிடத்துக்கு நிதி உண்டு, தண்ணீருக்கும் பராமரிக்கும் ஆளுக்கும் இல்லை.

இரண்டாவது, வார்டை விட்டுவிட்டுக் குக்கிராமத்தை அலகாக எடுங்கள். வார்டு எல்லை ஓட்டு எண்ணிக்கைக்காகப் போட்டது, குழாய் அதைப் பார்த்து ஓடாது. மேற்கே விளவங்கோடு, கல்குளம் பக்கம் வீடுகள் ஒவ்வொன்றும் தன் விளைக்குள் (தோட்டத்துக்குள்) தள்ளித் தள்ளி நிற்கும். பத்து வீட்டுக்குத் தண்ணீர் கொடுக்க அரை கிலோமீட்டர் பைப் போட வேண்டி வரலாம். கடற்கரையில் அதே நீளத்தில் நூற்றுக்கணக்கான வீடுகள் இருக்கும். அங்கே பைப் செலவு குறைவு, ஆனால் கிணற்றுக்குப் பக்கத்திலேயே செப்டிக் டேங்க், மணல் நிலம். அங்கே துப்புரவு நிதிதான் உயிர். பேச்சிப்பாறை அணைக்கு அந்தப் பக்கம் படகில் போக வேண்டிய காணிப் பழங்குடியினர் குடியிருப்புக்கு ஒரு மூட்டை சிமென்ட் போய்ச் சேரும் செலவே வேறு. தலைக்கு இவ்வளவு என்று வகுத்தால் இந்த மூன்றும் ஒன்றாகிவிடும்.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். பிரிக்க வேண்டியது 12 லட்சம் ரூபாய் குடிநீர் நிதி. மூன்று குக்கிராமங்கள். முதலாவதில் 1,500 பேர், குழாய் இணைப்பு இல்லாத வீடு 30. இரண்டாவதில் 900 பேர், 50 வீடு. மூன்றாவதில் 600 பேர், 120 வீடு. சரிசமமாகப் பிரித்தால் ஊருக்கு 4 லட்சம். தலைக்கணக்கில் பிரித்தால் 6 லட்சம், 3.6 லட்சம், 2.4 லட்சம்: தண்ணீர் இல்லாத வீடு அதிகம் உள்ள ஊருக்கு ஆகக் குறைவு. தொகையில் பாதியைத் தலைக்கணக்கிலும் மறுபாதியை இணைப்பில்லாத வீட்டுக் கணக்கிலும் பிரித்தால் 3.9, 3.3, 4.8 லட்சம் வரும். மூன்றாவது ஊரின் பங்கு தலைக்கணக்கைப் போல இரண்டு மடங்கு. அப்படியும் இணைப்பில்லாத ஒரு வீட்டுக்கு அங்கே கிடைப்பது 4,000 ரூபாய், முதல் ஊரில் 13,000. தேவைக்கான எடையைப் பாதிக்கு மேலும் ஏற்றலாமா என்று ஊர் கூடிப் பேசும் இடம் அதுதான். அந்தப் பேச்சு எண்ணோடு நடக்க வேண்டும்.

தேவையை அளக்க, யார் போய் எண்ணினாலும் ஒரே விடை வரும் பொருளை எடுக்க வேண்டும்: இணைப்பில்லாத வீடு, ஓடை இல்லாத தெருவின் மீட்டர் நீளம், எரியாத விளக்குக் கம்பம். 'மிகவும் பின்தங்கிய பகுதி' போன்ற சொல்லை அளவுகோலாக்கினால் குரல் பெரிதானவர் ஜெயிப்பார். அளவுகோலை வேலைகளின் பட்டியலுக்கு முன்பே முடிவு செய்வதும் முக்கியம். பட்டியல் வந்த பிறகு, அதற்குத் தோதாகச் சூத்திரம் வளையும்.

கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் நடப்பது வேறல்ல. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள நம் மாவட்ட உதவிபெறும் கல்லூரிகளில், ஒரே வளாகத்துக்குள் அரசுச் சம்பளத்தில் நடக்கும் பாடப்பிரிவும் கட்டணத்தில் நடக்கும் சுயநிதிப் பிரிவும் அருகருகே இருக்கின்றன. நூலகம், ஆய்வகம், விளையாட்டுத் திடல் ஆகியவற்றின் செலவை இரண்டுக்கும் எப்படிப் பங்கிடுவது என்பதை எழுத்தில் வைத்திருக்க வேண்டும். வேதியியல் துறைக்கும் வரலாற்றுத் துறைக்கும் ஒரே தொகை என்பது பிழை. மாணவர் எண்ணிக்கைப்படி மட்டும் என்பதும் பிழை. அமிலம், கேஸ், கண்ணாடிச் சாமான் செலவு மாணவர் எண்ணிக்கையோடு ஏறும். தராசைச் சரிபார்க்கும் செலவு பத்துப் பேர் படித்தாலும் நாற்பது பேர் படித்தாலும் ஒன்றே. நிலைச்செலவை முதலில் கழித்துவிட்டு, பிறகு செய்முறை வகுப்பு மணிநேரத்தையும் மாணவர் எண்ணிக்கையையும் பெருக்கிப் பிரிப்பது ஓரளவு சரியாக வரும். புத்தகங்களுக்கு அந்தக் கணக்கு ஆகாது, மொழித்துறைகளுக்கு நூலகமே ஆய்வகம்.

ஆகக் கெட்ட முறை, போன வருடம் செலவழித்ததோடு பத்து சதவீதம் சேர்ப்பது. மார்ச்சில் அவசரமாக பில் போட்டுத் தீர்த்த துறைக்கு அது பரிசு, சிக்கனமாக இருந்த துறைக்கு வெட்டு. ஊராட்சியிலும் துறையிலும் மார்ச் மாதப் பில்களை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள், ஆண்டுச் செலவில் பெரும்பங்கு அந்த ஒரு மாதத்தில் இருந்தால் திட்டமிடல் சரியில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

பொதுமக்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. ஒன்றிய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் லாகின் இல்லாமலே நம் ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்தைப் பார்க்கலாம். மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி, நிதியாண்டு என்று தேர்ந்தெடுத்தால் வேலைவாரியாகத் தொகை வரும். எந்த நிதியிலிருந்து, எந்த இடத்துக்கு என்று பார்த்து, ஒரு தாளில் குக்கிராமவாரியாகக் கூட்டிக்கொள்ளுங்கள். அந்தத் தாளோடு கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு. குறைவெண் வரம்பை, அதாவது கூட்டத்துக்கு வர வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கையைக் கவனியுங்கள்: மக்கள்தொகை 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. ஆள் குறைந்தால் கூட்டம் செல்லாது. அடுத்த ஆண்டுத் திட்டம் உருவாகும் நேரம் என்பதால் அக்டோபர் 2 கூட்டத்தில் கேட்பதற்கு மதிப்பு அதிகம், மார்ச்சில் கேட்டால் பட்டியல் முடிந்திருக்கும்.

தீர்மானத்தை வாயால் சொல்லிவிட்டு வராமல் எழுதிக் கொடுங்கள். இப்படி இருக்கலாம்: "அடுத்த நிதியாண்டுக்கான குடிநீர் நிபந்தனை நிதியை, மக்கள்தொகைக்குப் பாதி, குழாய் இணைப்பில்லாத வீடுகளுக்குப் பாதி என்ற அளவுகோலில் குக்கிராமவாரியாகப் பிரிக்கவும், கணக்கீட்டுத் தாளை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டவும் இச்சபை தீர்மானிக்கிறது." தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று அங்கேயே பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தாள் ஒட்டப்படவில்லை என்றால், பத்து ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் ஊராட்சிப் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பித்து அந்தக் கணக்கீட்டின் நகலைக் கேட்கலாம், 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். "நிதி விவரம் தரவும்" என்று பொதுவாகக் கேட்காமல், எந்த ஆண்டு, எந்த நிதி, எந்தக் குக்கிராமம் என்று பிரித்துக் கேளுங்கள். பொதுவான கேள்விக்குப் பொதுவான பதில்தான் வரும்.