வயிற்றில் விட்டுவைத்த பழைய ஷன்ட் குழாய்

மூளையில் நீர் தேங்கினால் ஷன்ட் வைப்பார்கள். தலையிலிருந்து தோலுக்கடியிலேயே கழுத்து, மார்பு வழியாக இறங்கும் மெல்லிய சிலிகோன் குழாய் வயிற்றறையில் போய் முடியும். வடியும் நீரை வயிற்றின் உள்சவ்வு உறிஞ்சிக்கொள்ளும். குழந்தை என்றால், வளர்ந்தபின் நீளம் பத்தாமல் போகக் கூடாது என்று வயிற்றுக்குள் குழாயைத் தாராளமாகவே விட்டுவைப்பார்கள்.

ஷன்ட் அடைபட்டுப் புதிது வைக்கும்போது பழைய குழாய் பல நேரம் உள்ளேயே தங்கிவிடுகிறது. கவனக்குறைவு என்று நினைக்க வேண்டாம். ஆண்டுக்கணக்கில் கழுத்துத் தோலுக்கடியில் கிடந்த குழாயின் மேல் கால்சியம் படிந்திருக்கும், சுற்றிலும் திசு உறைபோல் இறுகியிருக்கும். ரப்பர் போல நெகிழ்ந்தது இப்போது மொறமொறப்பாகிவிடும். இழுத்தால் பட்டென்று அறுந்து, கீழ்த்துண்டு கைக்கு எட்டாமல் வயிற்றுக்குள் நழுவிவிடலாம்.

சரி, சும்மா கிடக்கும் குழாயால் என்ன கெடுதல்? பெரும்பாலும் ஒன்றுமில்லை. ஆனால் குடல் ஓயாமல் அசைகிற உறுப்பு. குழாயின் முனை ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு அழுத்தினால், குடல் சுவர் அங்கே மெல்ல மெல்ல அரிக்கப்பட்டு ஓட்டை விழலாம். இது அரிதுதான். ஆனாலும் எனக்கு இதில் மிகவும் கவலை தருவது அதன் அமைதி. சுற்றியுள்ள திசு ஓட்டையை மூடிக்கொள்வதால் வயிற்றுவலியோ காய்ச்சலோ இல்லாமலே போகலாம். குழாய் முனை மலவாய் வழியே வெளியே தொங்குவதுதான் சிலருக்கு முதல் அறிகுறி. அப்படித் தெரிந்தால் இழுக்கவும் வேண்டாம், உள்ளே தள்ளவும் வேண்டாம்; உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கிருமி இன்னொரு சிக்கல். சிலிகோன் மேல் ஒட்டிய பாக்டீரியா வழவழப்பான ஒரு படலத்தைக் கட்டிக்கொண்டு உள்ளே பதுங்கும். ஆன்டிபயாட்டிக் அதைத் துளைத்து முழுதாக அழிப்பது கடினம். பழைய குழாய் மேலே மூளைப் பகுதியோடு இன்னும் இணைந்திருந்தால், குடல் கிருமி அதன் வழியே ஏறி மூளைக்காய்ச்சல் வரலாம். அதனால் தொற்று வந்த குழாயை எடுத்தே ஆக வேண்டும். தொல்லையில்லாத குழாயை எடுப்பதா விடுவதா என்பதை ஆளைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். வயிற்றுக்குள் நழுவிய துண்டைப் பல நேரம் லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் அறுவை) மூலமே எடுத்துவிட முடிகிறது.

எப்போதாவது வயிற்றுவலி என்று புதிய மருத்துவரிடம் போனால், உள்ளே பழையதும் புதியதுமாக இரண்டு குழாய் இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். குழாயில் பேரியம் கலந்திருப்பதால் எக்ஸ்ரேயில் வெள்ளைக் கோடாகத் தெரியும். ஆனால் வேலை செய்வதும் ஓய்ந்ததும் வயிற்றுக்குள் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.