ஸ்லைடரை இழுப்பதற்கு முன்

தோட்டமொன்றில் 1000 பேருக்கு ஏதோ ஒரு நோய்க்கான சோதனை செய்கிறோம் என்று வையுங்கள். நோயுள்ளவர்கள் 10 பேர்தான். நோயுள்ளவர்களில் 90 வீதமானோரைச் சோதனை பிடித்துவிடும். நோயில்லாதவர்களில் 90 வீதமானோருக்கு 'இல்லை' என்றே சொல்லும். ஒருவருக்கு 'பொசிட்டிவ்' வருகிறது. அவருக்கு நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு?

90 வீதம் என்றுதான் வாயில் வரும். கணக்குப் போட்டால், 9 பேருக்குச் சரியாகவும் 99 பேருக்குப் பிழையாகவும் பொசிட்டிவ் வருகிறது. 108இல் 9, அதாவது 8 வீதம் சொச்சம். இதே சோதனையை 1000 பேரில் 300 பேருக்கு நோயுள்ள ஆஸ்பத்திரி வார்டுகளில் செய்தால் 270 சரி, 70 பிழை. வாய்ப்பு 79 வீதமாக ஏறிவிடும். சோதனை அதேதான், ஆட்கள்தான் வேறு.

மருத்துவ இதழில் இது ஓர் அட்டவணையாகக் கிடக்கும். பேராதனை மருத்துவபீட மாணவி அதற்கு மஞ்சள் நிறம் பூசிவிட்டுக் கடந்துபோவாள். ஊடாடும் கட்டுரையில், அதாவது வாசிப்பவரே திரையில் தொட்டு மாற்றிப் பார்க்கக்கூடிய கட்டுரையில், அட்டவணைக்குப் பதில் ஒரு ஸ்லைடர் இருக்கும். நோயாளர் எண்ணிக்கையை இழுத்துக் கூட்டினால் வாய்ப்பும் கூடவே ஏறும். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இழுத்துப் பார்த்ததாலேயே மனதில் நிற்கும் என்பதை நான் நம்பமாட்டேன். "எவ்வளவு என்று முதலில் நீயே சொல்" என்று கேட்டு, பதில் வரும்வரை விடையை மறைத்து வைக்கிற கட்டுரைதான் வேலை செய்கிறது. தன் ஊகத்துக்கும் விடைக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கண்டதும்தான் மூளை விழித்துக்கொள்கிறது.

உளவியலாளர்களான ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட பரிசோதனையில், ஒரு பகுதியைத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 81 வீதத்தை நினைவுகூர்ந்தார்கள். வாசித்ததைப் பாராமல் எழுதிப் பார்த்தவர்கள் 75 வீதம். ஒரு வாரம் போனதும் நிலைமை தலைகீழ்: 42க்கு 56. அதனால், வாசித்த கையோடு "விளங்கியதா?" என்று கேட்டு எடுக்கும் கருத்துக்கணிப்பை அதிகம் நம்ப முடியாது. 2019இல் ஹாவர்ட் பௌதிகவியல் வகுப்புகளில், தாங்களே முயன்று படித்தவர்கள், விரிவுரையைக் கேட்டுப் படித்தவர்களைவிடக் கூடுதலாகக் கற்றிருந்தும் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள்.

நம் பக்கத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஹட்டனில் உயர்தரத்தைத் தமிழில் படித்தவருக்கு மருத்துவபீடத்தில் எல்லாமே ஆங்கிலம். ஒரே நேரத்தில் மனம் தாங்கக்கூடியது கொஞ்சம்தான். அதில் பாதியை மொழியே தின்றுவிடும். மீதியில் ஆடும் படங்களும் திறந்து மூடும் பெட்டிகளும் புகுந்தால், கருத்துக்கு எங்கே இடம்?

லீவுக்கு வீட்டுக்கு வந்து சிக்னல் இல்லாமல் தவிப்பவர்கள் பீ.டீ.எஃப். கட்டுரையின் வரைபடத்தைக் கையால் மறைத்து, வளைவு எப்படிப் போகும் என்று கொப்பியில் கீறிவிட்டுத் திறந்து பார்க்கலாம். பலனில் பெரும்பங்கு அதிலேயே கிடைத்துவிடும். மூன்று நான்கு அளவுகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு மாறும் இடங்களில் மட்டும் தாளால் ஈடுகொடுக்க முடியாது. அங்கே ஸ்லைடர்தான் சரி.